முப்பத்தைந்துக்குப் பிறகும் ஒரு வகுப்பறை

1978 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பத்துக் கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவதாக அறிவித்த திட்டம் அது. யாருக்கு என்பதிலும் குழப்பம் இல்லை. 15 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. பத்தாண்டு கழித்து, 1988 மே மாதம், தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அதுவும் அதே 15–35 என்ற வரம்பைத்தான் வைத்துக்கொண்டது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது வரம்பு கொஞ்சம் தளர்ந்து 9 முதல் 45 வரை ஆனது.

புதுக்கோட்டை அறிவொளி தமிழகத்தில் நடந்த மக்கள் இயக்கங்களில் மகத்தான ஒன்று. கல்குவாரிப் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் சிலேட்டைத் தூக்கினார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதன் பெருமையை எந்த விதத்திலும் குறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஆண்டு 46 வயதில் இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் யாரும் எழுப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் கற்பிக்க வேண்டியவர்களின் கணக்கில் அவர் இல்லை. 1988இல் வரம்பைத் தாண்டிப் போனவர் 1991இலும் ஒரு வயது வித்தியாசத்தில் வெளியே நின்றார். இன்று உயிரோடிருந்தால் அவர் எண்பதைத் தொட்டிருப்பார்.

இப்படி வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 44 சதவீதம். ஆண்களில் 59, பெண்களில் 28. அதாவது நூறு பாட்டிமார்களில் எழுபத்திரண்டு பேர் கைநாட்டு.

இந்த வரம்பை வைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கையில் இருந்த பணம் குறைவு, தன்னார்வலர்களும் குறைவு. உழைக்கும் வயதில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்தால் குடும்பத்தின் வருமானம் கூடும், அடுத்த தலைமுறை பள்ளிக்குப் போகும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கல்வி என்பது சம்பாதிப்பதற்கான முன்தயாரிப்பு, சம்பாதிக்கும் காலம் முடிந்தவருக்கு அதனால் பயன் சொற்பம் என்ற நம்பிக்கை. முதியோருக்கான வகுப்புகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் இதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். நம் திட்டம் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே பிரான்ஸில் ஒருவர் இதை உரசிப் பார்த்துவிட்டார்.

பியர் வெல்லாஸ் தென் பிரான்ஸின் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பின் பிரான்ஸில் வந்த சட்டம், வாழ்நாள் முழுவதற்குமான கல்வியும் பல்கலைக்கழகங்களின் பொறுப்பு என்று சொன்னது. வெல்லாஸ் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். 1973இல் ஓய்வுபெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். நுழைவுத் தகுதி இல்லை, தேர்வும் இல்லை. விரிவுரைகள், ஊர் சுற்றிப் பார்த்தல், உடற்பயிற்சி, மருத்துவ ஆலோசனை எல்லாம் சேர்ந்த ஒரு திட்டம் அது. ‘மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்தார். இரண்டே ஆண்டுகளில் இதற்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் உருவாகும் அளவுக்கு இந்த யோசனை பரவியது. சீனாவில் 1983இல் ஷான்டோங் மாகாணத்தில் முதியோர் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றி, பிறகு நாடெங்கும் பெருகியதும் இதே காலத்து அலைதான்.

துலூஸ் முறையில் பேராசிரியர் பேசுவார், முதியவர் கேட்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதில் முதியவர் பார்வையாளர் வரிசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவரை எழுப்பியது இங்கிலாந்து.

1981இல் கேம்பிரிட்ஜில் மூன்று பேர் கூடிப் பேசினார்கள். ஒருவர் பீட்டர் லாஸ்லெட், மக்கள்தொகை வரலாற்றில் பெயர்பெற்றவர். இன்னொருவர் மைக்கேல் யங், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாவதற்கு விதை போட்ட சமூகவியலாளர். மூன்றாமவர் எரிக் மிட்வின்டர், முதுமை குறித்த கொள்கை ஆய்வு மையத்தை நடத்தியவர். பல்கலைக்கழகம் முதியோருக்கு என்ன தரலாம் என்ற கேள்வியை அவர்கள் தள்ளிவைத்தார்கள். முதியோர் தங்களுக்குள் என்ன தந்துகொள்ளலாம் என்று யோசித்தார்கள். லாஸ்லெட் எழுதிய கொள்கைக் குறிப்பின் சாரம் இதுதான்: இங்கே கற்பிப்பவர் கற்கவும் செய்வார், கற்பவர் கற்பிக்கவும் செய்வார். சேர்வதற்குத் தகுதிச் சான்று கேட்கக் கூடாது, முடிக்கும்போது கொடுக்கவும் கூடாது. வகுப்பெடுக்கும் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஓர் உறுப்பினரின் வீட்டு முன்னறை. எட்டுப் பத்து நாற்காலிகள். சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் ஒரு பாறைத் துண்டை மேசைமேல் வைத்து, அது எந்தக் காலத்தில் எப்படி உருவானது என்று சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் முன்னாள் செவிலியர். அடுத்த வாரம் அவர் உடற்கூறு பற்றிப் பேசுவார், பாறைக்காரர் குறிப்பெடுப்பார். யாருக்கும் முழுப் பாடமும் தெரியாத தலைப்பு என்றால், ஆளுக்கொரு பகுதியைப் படித்துவிட்டு வந்து சேர்த்து வைத்துப் பேசுகிறார்கள். நடுவில் தேநீர். இவ்வளவுதான் ‘பல்கலைக்கழகம்’. இன்று பிரிட்டனில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் சுமார் நான்கு லட்சம். அரசின் பெரிய மானியம் எதுவும் இல்லாமல், சிறு சந்தாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது.

லாஸ்லெட் இதற்கு ஒரு கோட்பாட்டு அடிப்படையும் தந்தார். 1989இல் வெளிவந்த தன் நூலில் மனித வாழ்வை நான்கு பருவமாகப் பிரித்தார். சார்ந்திருந்து கற்கும் பருவம் முதலாவது. உழைத்துச் சம்பாதித்துக் குடும்பம் தாங்கும் பருவம் இரண்டாவது. தனக்குப் பிடித்ததை நிறைவேற்றிக்கொள்ளும் பருவம் மூன்றாவது. உடல் தளர்ந்து மீண்டும் சார்ந்திருக்கும் பருவம் நான்காவது. பிறந்த தேதியை வைத்து இவற்றைப் பிரிக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். வளர்ந்து ஆளானவர்களில் பாதிப்பேராவது எழுபதை எட்டுவார்கள் என்று எதிர்பார்க்கக்கூடிய சமூகத்தில்தான் மூன்றாம் பருவம் எல்லோருக்குமான ஒன்றாகிறது, அது இருபதாம் நூற்றாண்டில்தான் சாத்தியமாயிற்று என்றார். முன்பு ஒரு சிலருக்கு வாய்த்த நீண்ட ஓய்வுக்காலம் இப்போது பெருந்திரளுக்கு வாய்த்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்வதென்று எந்தச் சமூகமும் இன்னும் யோசிக்கவில்லை. அவருடைய கவலை அதுதான்.

கேம்பிரிட்ஜ் முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே படித்தவர்கள், நடுத்தர வர்க்கத்தினர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய. வீட்டில் முன்னறையும் ஓய்வூதியமும் உள்ளவர்களுக்குப் பொருந்துகிற முறை அது. வாழ்நாளெல்லாம் வகுப்பறையைக் கண்டு ஒதுங்கியவர் தானாக வந்து கதவைத் தட்ட மாட்டார். நம் நகரங்களிலும் இதைப் பார்க்கிறோம். ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் பாட்டு வகுப்பு, யோகா, கணினிப் பயிற்சி என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அதே வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கான வகுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க மகாராஷ்டிரத்துக்குப் போகலாம். தாணே மாவட்டத்தில் பாங்கணே என்ற சிற்றூர். 2016 மார்ச் 8 அன்று அங்கே ‘ஆஜிபாய்ச்சி ஷாளா’, அதாவது பாட்டிமார் பள்ளி, தொடங்கியது. யோகேந்திர பாங்கர் என்ற மாவட்ட ஊராட்சிப் பள்ளி ஆசிரியரின் முயற்சி. ஊர்க் கிழவிகள் சிலர், சமய நூலைப் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே, நாமே வாசித்தால் என்ன என்று ஏங்கியதிலிருந்து அது பிறந்தது. வேலைக்கு உதவும் என்றோ வருமானம் கூடும் என்றோ அவர்கள் வரவில்லை. தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியின் ஏற்பாடுகளைக் கவனியுங்கள். வகுப்பு பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. காலையில் சமையலும் வயல்வேலையும் முடிந்திருக்கும், மாலை வேலைக்கு இன்னும் நேரம் இருக்கும். மாணவிகள் அறுபது முதல் தொண்ணூறு வயது வரை, சுமார் முப்பது பேர். எல்லோருக்கும் இளஞ்சிவப்பு நிறச் சீருடைச் சேலை. அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள் என்பதை நினைத்தால் அந்த நிறத்தின் கனம் புரியும். தோளில் பை, பையில் சிலேட்டு, பலப்பம். பாடம் சொல்லிக்கொடுத்தவர் அதே ஊரின் இளம் மருமகள். அவருடைய மாமியாரும் தரையில் உட்கார்ந்து மற்றவர்களோடு எழுத்துக்கூட்டினார். வீட்டில் யார் சொல்லி யார் கேட்பது என்று தலைமுறைகளாக இருந்துவந்த வரிசை அந்த இரண்டு மணி நேரம் தலைகீழானது. இரு பெண்களுக்கும் அது கெடுதலாகவில்லை. இது என்னை மிகவும் ஈர்க்கிற காட்சி. மாமியாருக்குத் தெரியாததை மருமகள் சொல்லிக்கொடுப்பதும், அதை அவர் வாங்கிக்கொள்வதும் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதிவைக்க முடியாத கல்வி.

கேரளம் இதையே அரசு அளவில் செய்தது. அங்கே முதியவர் கணக்கில் இருந்தார். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தவர் அமைச்சரோ ஆட்சியரோ அல்லர். இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா. அதன் தொடர்ச்சியாக 2018இல் ‘அட்சரலட்சம்’ தேர்வு நடந்தது. ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள் 96 வயதில் அதை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். சிறுவயதில் பள்ளிக்கூடமே போகாதவர். அடுத்த ஆண்டு கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாள் 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார். தாய் இறந்ததும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சிறுமியாகவே பள்ளியை விட்டவர் அவர். கை ஓடாததால் வீட்டிலேயே மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுத அனுமதித்தார்கள். 275க்கு 205 மதிப்பெண். 2020 மார்ச் 8 அன்று இருவருக்கும் நாரி சக்தி விருது அறிவிக்கப்பட்டது.

இச்செய்திகளைப் பத்திரிகைகள் ‘சாதனைப் பாட்டி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று நாள். நூற்றைந்து வயதுக்காரருக்கு மூன்று மணி நேரத் தேர்வு பொருந்தாது என்று ஒரு அரசு அமைப்பு உணர்ந்து விதியை வளைத்திருக்கிறது. முதியோர் கல்வியில் பாதி வேலை இத்தகைய வளைத்தலில்தான் இருக்கிறது.

வயதானால் மூளை எதையும் ஏற்காது என்ற பேச்சு பரவலாக உண்டு. உளவியல் இதைப் பிரித்துப் பார்க்கிறது. புதிய தகவலைக் கையாளும் வேகம் வயதோடு குறைவது உண்மை. ஆனால் சொல்வளம், உலக அனுபவம், சேர்த்துவைத்த அறிவு ஆகியவை வெகுகாலம் நிலைத்து நிற்கின்றன. ஆகவே முதியவருக்குக் கற்பிக்கும்போது மெதுவாக, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் தலைமையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே மிகவும் பொருத்தமானது. 60 வயதைக் கடந்தவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை கற்றார்கள். சிலர் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கக் கற்றார்கள். சிலர் இரண்டையும். மூன்று மாதம், வாரத்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல். வேறொரு குழு கூடிப் பேசிச் சிரித்து ஊர்சுற்றியது. இன்னொன்று வீட்டில் இசை கேட்பது போன்ற எளிய வேலைகளில் இருந்தது. முடிவில், கடினமான புதுத் திறனைக் கையால் செய்து கற்ற குழுக்களில் நிகழ்வுகளை நினைவில் வைக்கும் ஆற்றல் மேம்பட்டிருந்தது. வெறும் கூடிக்களித்தலும் கேட்டுக்கொண்டிருத்தலும் அந்த அளவு பயன் தரவில்லை. கேட்பவராக இருப்பதைவிடச் செய்பவராக இருப்பது மேல் என்ற கேம்பிரிட்ஜ்காரர்களின் உள்ளுணர்வுக்கு இது வலுச் சேர்க்கிறது.

ஆனால் இதிலிருந்து, வகுப்புக்குப் போனால் மறதி நோய் வராது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். கல்வி அறிவாற்றலின் மட்டத்தை உயர்த்துகிறது, முதுமையில் அது சரியும் வேகத்தை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றே 2020இல் வெளிவந்த விரிவான மீளாய்வு ஒன்று சொல்கிறது. டிமென்ஷியா பற்றிய லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளாகப் பதினான்கைப் பட்டியலிடுகிறது. தனிமை, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு, கேட்கும் திறன் இழப்பு மூன்றும் அதில் உண்டு. ஒரு நல்ல முதியோர் வகுப்பு இந்த மூன்றையும் தொட்டுச் செல்லும். அதற்குமேல் வாக்குறுதி கொடுக்கத் தேவையில்லை. வாசிக்க ஆசைப்படும் ஒருவர் வாசிப்பதற்கு மருத்துவக் காரணம் எதற்கு?

கண்ணைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பதைக் கடந்த எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். அரிச்சுவடியைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப்பிடித்து, ‘எனக்கு இனி ஏறாது’ என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, அவருக்கு ஏறாதது பாடமா, எழுத்தே தெரியவில்லையா என்று யாரும் சோதிப்பதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு மலிவான வாசிப்புக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இலை பறிக்கவே இவ்வளவு வித்தியாசம் என்றால் ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்தறிய எவ்வளவு இருக்கும்! சிலேட்டுக்கு முன்னால் கண்ணாடி கொடுக்க வேண்டும். அடுத்து சாய்மானம் உள்ள நாற்காலி, பக்கத்திலேயே கழிப்பறை, பெரிய எழுத்துப் புத்தகம். பல வகுப்புகள் இவை இல்லாததால்தான் மூன்றாம் வாரம் காலியாகின்றன.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நாடு முழுவதும் நடக்கிறது. 1,037.90 கோடி ரூபாய் மதிப்பீடு, ஐந்து கோடிப் பேர் இலக்கு. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் சேரலாம், மேல்வரம்பு கிடையாது. இது உண்மையான முன்னேற்றம், வரவேற்க வேண்டியது. ஆனால் வழிகாட்டுதலைப் படித்தால், 15–35 வயதினரை முதலில் முழுமையாக முடித்துவிட்டு 35க்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. 1978இல் சுவராக இருந்த அதே எண் இப்போது வரிசையாக நிற்கிறது. இருபது வயதுக்காரருக்கு இந்த ஆண்டு இல்லையென்றால் அடுத்த ஆண்டு. எண்பது வயதுக்காரரைக் காத்திருக்கச் சொல்வதும் வேண்டாம் என்பதும் ஒன்றுதான்.

அவருக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வந்ததா என்று பார்க்கத் தெரியாது. செல்போனில் வரும் ஓடிபி எண்ணை வாசிக்க எதிர்வீட்டுப் பையனிடம் போனை நீட்ட வேண்டும். எடுத்த பணம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்பது அந்தப் பையனின் நேர்மையைப் பொறுத்தது. பேருந்தின் பலகை, மாத்திரை அட்டை, ரேஷன் கடை ரசீது எல்லாவற்றுக்கும் ஓர் இடையாள் வேண்டும். பத்து எண்களையும் தன் பெயரையும் கற்றுக்கொண்டாலே இதில் பாதி அவர் கைக்கு வந்துவிடும். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, மக்கள் எல்லோருக்கும் செல்போன் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டபோது, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே பயிற்சியைக் கொண்டுபோனது. 2025 ஆகஸ்டில் அது மாநிலம் தழுவிய திட்டமாக முடிவடைந்தபோது கற்றவர்களில் நூறு வயதைக் கடந்தவரும் இருந்தார்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய இடம் தேடி அலைய வேண்டாம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டிவருகிறோம். பல ஊர்களில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே ஆள் குறைவு. மேசையும் நாற்காலியும் விளக்கும் ஏற்கெனவே உண்டு. கற்பிக்க ஆளும் உண்டு. அறுபதில் ஓய்வுபெறும் ஆசிரியர்களும் அலுவலர்களும் அடுத்த பதினைந்து ஆண்டை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள். மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2011இல் 10.4 சதவீதம்; 2031இல் அது 18.2 ஆகும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. ஐந்தரைப் பேரில் ஒருவர்.

இங்கேதான் கேம்பிரிட்ஜின் கொள்கை நமக்கு முழுதாகப் பயன்படும், அவர்களுக்குப் பயன்பட்டதைவிட அதிகமாகவே. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அந்த மேசையில் உட்கார்ந்து பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுக்கட்டும். பதிலுக்கு அந்த மூதாட்டி பனையோலை முடையவோ, விதை நெல் பக்குவம் பார்க்கவோ, நடவுப் பாட்டு பாடவோ அவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். இதை ஒரு மரியாதைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டும் அந்தக் கைப்பக்குவமும் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்கள் போகும்போது அவையும் போய்விடும். எழுதத் தெரியாதவர் எதுவும் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு நடத்தப்படும் வகுப்பில் முதியவர் நிலைக்க மாட்டார். தன்னிடமும் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் மறுநாள் நேரத்துக்கு வந்துவிடுவார்.

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். எழுத்தறிவுத் திட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தும் விதியைத் தமிழகம் தன் அளவிலாவது பின்பற்றாமல் விடட்டும். சேரும் ஒவ்வொரு முதியவருக்கும் முதல் நாளே கண் பரிசோதனையும் கண்ணாடியும் கிடைக்கட்டும். மற்றதை ஊர் செய்துகொள்ளும். ஓய்வுபெற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் நூலகரிடம் போய், வாரத்தில் இரண்டு பிற்பகல் மேசையைத் தருவாரா என்று இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.